வரவுப் பக்கத்தில் மட்டும்

பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுக்கலாமா என்ற கேள்விக்குத் தென்னிந்தியத் திருச்சபை எப்போதோ பதில் சொல்லிவிட்டது. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் நம் திருச்சபை பிறந்தபோது அதன் குருமார்கள் அத்தனை பேரும் ஆண்கள். 1976-ல் எலிசபெத் பால் அம்மையார் முதல் பெண் ஆயராகப் பட்டம் பெற்றார். 2013-ல் நந்தியால் பேராயத்தின் பொறுப்பை ஏற்ற புஷ்பலலிதா அம்மையார் நம் திருச்சபையின் முதல் பெண் பேராயர். ஆக, சட்டப்படி வாசல் திறந்துதான் இருக்கிறது. பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே ஒரு கிராமத்துச் சபையில் வாழ்க்கைப்பட்டு, பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்று, இப்போது பெண்கள் ஐக்கிய சங்கத்தின் பொருளாளராக இருக்கும் நான் கேட்பது வேறு கேள்வி. அந்த வாசல் வழியாக வரும் பெண்ணின் படிப்புக்கும் சாப்பாட்டுக்கும் குடியிருப்புக்கும் யார் கொடுப்பது?

ஊழியத்தைப் பேசும் இடத்தில் பணத்தைப் பேசலாமா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். அவர்களை லூக்கா எட்டாம் அதிகாரத்தைத் திறந்து பார்க்கச் சொல்வேன். இயேசு ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கித்த காலத்தில் அவருக்கும் பன்னிரண்டு பேருக்கும் செலவு செய்தவர்கள் யார் என்று அங்கே பெயரோடு எழுதியிருக்கிறது. மகதலேனா மரியாள், ஏரோதிடம் காரியம் பார்த்த கூசாவின் மனைவி யோவன்னாள், சூசன்னாள், இன்னும் பல பெண்கள். எல்லாம் அவர்கள் கைப்பணம். வலையையும் சுங்கச்சாவடியையும் விட்டுவிட்டு ஆண்கள் பின்னால் வந்துவிட்டார்கள் என்று நாம் பெருமையாகப் பிரசங்கிக்கிறோம். அடுத்த வேளைச் சோறு எங்கிருந்து வந்தது என்பதை லூக்கா எழுதி வைத்தார். அதே லூக்கா கடைசி அதிகாரத்தில், காலியான கல்லறையைக் கண்டு ஓடிவந்து செய்தி சொன்னவர்களில் மகதலேனா மரியாளையும் யோவன்னாளையும் பெயர் சொல்லிக் குறிக்கிறார். செலவுக்குக் கொடுத்த அதே பெண்கள்தான் நற்செய்தியையும் முதலில் அறிவித்தார்கள். கொடுக்க ஒருத்தி, அறிவிக்க ஒருவன் என்ற பங்கீடு சுவிசேஷத்தில் இல்லை. நாம் பிற்பாடு ஏற்படுத்திக்கொண்டது அது.

எங்கள் பக்கம் மானாவாரி பூமி. மழை பெய்தால் பருத்தி, மக்காச்சோளம். கிணறு உள்ளவர்களுக்குச் சின்ன வெங்காயம். பிடியரிசிக் காணிக்கை என்று மற்ற ஊர்களில் சொல்வார்கள். நெல்லுச் சோறு பண்டிகைக்குத்தான் என்றிருந்த காலத்தில் என் மாமியார் எடுத்துவைத்தது பிடிக் கம்பு. உலைக்கு அளந்த கம்பிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து, உதடு அசைய ஒரு வரி ஜெபம் சொல்லி, அடுப்படி மூலையில் இருந்த மண்கலயத்தில் போடுவார். பிள்ளைகள் அரை வயிற்றோடு படுத்த நாளிலும் அந்தக் கைப்பிடி குறைந்ததில்லை. மாதக் கடைசியில் பெண்கள் எல்லோரும் கலயங்களைக் கோவிலுக்குத் தூக்கிப் போவார்கள். கொட்டி அளந்து விற்ற காசில் உபதேசியாரின் சம்பளத்தில் ஒரு பகுதி, விளக்குக்கு எண்ணெய், கூரை மேய்ச்சல். இப்போது கலயத்துக்குப் பதில் பிளாஸ்டிக் டப்பா, கம்புக்குப் பதில் ரேஷன் அரிசி. கைப்பிடி மட்டும் அப்படியே இருக்கிறது. அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு வந்து பாருங்கள். பட்டறையிலிருந்து எடுத்த வெங்காயமும் பரங்கிக்காயும் கட்டிய சேவலும் வரிசையாக இருக்கும். நாளெல்லாம் களை வெட்டியோ பருத்தி எடுத்தோ சம்பாதித்தவள், ஒற்றை எலுமிச்சம்பழத்தை நூறு ரூபாய்க்குக் கேட்பாள். விலை தெரியாமல் கேட்பவள் இல்லை அவள். சபைக்கு என்று கேட்கிறாள்.

இதெல்லாம் பல ஊர்ச் சபைகள் சேர்ந்த சேகரத்தின் கணக்கில் ஏறுகிறது. வரவுப் பக்கத்தில் பிடியரிசி, ஸ்தோத்திரக் காணிக்கை, ஏலத்தொகை, சங்கச் சந்தா என்று வரிசையாகப் பெண்களின் பணம். பக்கத்தைத் திருப்பினால் செலவு. கட்டடம், சுற்றுச்சுவர், ஒலிபெருக்கி, கன்வென்ஷன் பந்தல், விருந்தினர் உபசரிப்பு. பெண்கள் என்ற சொல் ஒரே ஒரு வரியில் வருகிறது: பெண்கள் ஐக்கிய சங்க ஞாயிறு. அந்த ஞாயிறன்று பெண்கள் பாடம் வாசிப்பார்கள், ஒருவர் செய்தி கொடுப்பார். டீக்கும் பிஸ்கட்டுக்கும் போட்டியில் ஜெயித்தவர்களுக்கு எவர்சில்வர் கிண்ணத்துக்கும் ஆன செலவு அந்த வரியில் இருக்கும். வேறு சேகரங்களின் பொருளாளர்களோடு பேசும்போது அவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். எந்தச் சேகரக் கமிட்டியும் தீய எண்ணத்தோடு இப்படிச் செய்வதாக நான் நினைக்கவில்லை. ஆண் செய்வது ஊழியம், அதற்குச் சம்பளம் உண்டு. பெண் செய்வது பக்தி, அதற்குச் சம்பளம் எதற்கு என்ற நினைப்பு கேள்வி கேட்காமலே கணக்கில் உட்கார்ந்துவிட்டது. வேலை செய்கிறவருக்குக் கூலி உரியது என்று எழுபது பேரை அனுப்பியபோது ஆண்டவர் சொன்னார். ஆணாயிருந்தால் மட்டும் என்று அவர் சொல்லவில்லை.

எங்கள் ஊர்களில் முன்பு பைபிள் உமன் என்று ஒருவர் இருந்தார். பத்து மைல் சுற்றளவில் இருந்த வீடுகள் எல்லாவற்றிலும் அவருக்கு ஒரு பாய் உண்டு. கறுப்புக் குடை, துணிப்பை, அதில் வேதாகமம், சிலேட்டுக் குச்சிகள், தலைவலித் தைலம். ஆண் உபதேசியார் திண்ணையோடு நிற்க வேண்டிய வீடுகளில் இவர் அடுப்படி வரை போவார். பிரசவித்தவளுக்கு ஜெபம், புருஷன் அடித்தவளுக்கு ஆறுதல், எழுத்தறியாதவளுக்கு மணலில் அகரம். என் மாமியார் அறுபது வயதுக்கு மேல் லூக்கா சுவிசேஷத்தை எழுத்துக்கூட்டி வாசித்தது அவரால்தான். கால் நடக்காமல் போன பிறகு அவரைக் கோவிலில் நிறுத்திச் சால்வை போர்த்தினோம், வாழ்த்து மடல் வாசித்தோம், அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கையில் கொடுத்தோம். ஓய்வூதியம் கிடையாது. அவருடைய வேலைக்கு இன்னொருவரை வைக்கவும் இல்லை, பணமில்லை என்றார்கள். அந்த ஆண்டுதான் கோபுரத்துக்கு விளக்கு அலங்காரம் செய்தோம்.

பெண்ணின் பணமும் பெண்ணின் தலைமையும் நம் மண்ணில் சேர்ந்தே தொடங்கியவை. தஞ்சாவூரிலிருந்து பாளையங்கோட்டைக்குப் போன கிளாரிந்தா அம்மையாரை நினைத்துப் பாருங்கள். மராட்டிய பிராமண விதவை. ஆங்கிலேய அதிகாரி ஒருவரோடு வாழ்ந்தார் என்பதற்காக மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் முதலில் ஞானஸ்நானம் தர மறுத்தார். அந்த அதிகாரி இறந்த பிறகு 1778-ல் ஞானஸ்நானம் கொடுத்தார். 1780-ல் எழுதிய பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் உள்ள நாற்பது பேரில் முதல் பெயர் கிளாரிந்தாவுடையது. அவர் முன்நின்று தன் பணத்தைப் போட்டுக் கட்டிய கோவில் 1785-ல் பிரதிஷ்டையானது. பாப்பாத்தியம்மாள் கோவில் என்று ஜனங்கள் அதைச் சொன்னார்கள். சபைக்கு உபதேசியார் வேண்டுமென்று ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் வற்புறுத்திக் கேட்டவரும் அவரே. அப்படி அனுப்பப்பட்ட சத்தியநாதன் 1790-ல் குருப்பட்டம் பெற்றார். ஆளைக் கூட்டியவர், கட்டியவர், வழிநடத்தியவர் ஒரு பெண். பட்டம் மட்டும் அவர் பக்கம் வரவில்லை.

அதே பாளையங்கோட்டையில் சாராள் தக்கர் கல்லூரி இருக்கிறது. சாராள் தக்கர் இங்கிலாந்தில் இருந்தவர், உடல் ஊனமுற்றவர், இந்தியாவை ஒருநாளும் பார்த்ததில்லை. தமிழ்ப் பெண்கள் படிக்க வேண்டும் என்று அங்கிருந்தே பாடுபட்டார். அவர் நினைவாகத் தோழிகள் திரட்டிய பணத்தில் பெண்களுக்கான ஆசிரியப் பயிற்சிப் பள்ளி எழுந்தது. 1895-ல் கல்லூரியும் வந்தது. நம்மைப் பார்க்காத பெண்கள் நம் பிள்ளைகளுக்காகக் கொடுத்திருக்கிறார்கள். தினமும் பார்க்கும் நாம் நம் பிள்ளைகளுக்குக் கொடுக்க யோசிக்கிறோம்.

இனி வேத வசனத்துக்கு வருகிறேன், ஏனென்றால் கமிட்டியில் பேச்சு கடைசியாக அங்கேதான் போய் நிற்கிறது. சபையில் பெண் பேசக் கூடாது என்று பவுல் எழுதவில்லையா? எழுதியிருக்கிறார், கொரிந்தியருக்கு எழுதின முதல் நிருபம் பதினாலாம் அதிகாரத்தில். அதே நிருபத்தின் பதினோராம் அதிகாரத்தில், ஜெபம் பண்ணும் பெண்ணும் தீர்க்கதரிசனம் சொல்லும் பெண்ணும் தலையை மூடிக்கொள்ள வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். நம் சபையில் ஒரு பெண் முக்காடு இல்லாமல் ஆராதனைக்கு வந்துவிட முடியுமா? பின் வரிசைப் பாட்டி அங்கேயே சொல்லிவிடுவாள். அந்த முக்காட்டை எங்களுக்குப் போடச் சொன்ன வசனம், நாங்கள் சபையில் வாய் திறந்து ஜெபிக்கவும் தீர்க்கதரிசனம் சொல்லவும் செய்கிறோம் என்பதை ஒப்புக்கொண்ட பிறகே முக்காட்டைப் பேசுகிறது. இத்தனை தலைமுறையாக முக்காட்டை விடாமல் காத்தோம். அதற்குக் காரணமாயிருந்த பேச்சைக் கேட்டால் மட்டும் பதினாலாம் அதிகாரத்தைக் காட்டுகிறார்கள். அந்த அதிகாரத்தில் பவுல் அடக்கச் சொன்னது எந்தப் பேச்சை என்று அறிஞர்கள் வாதாடட்டும். ஒரே மனிதர் மூன்று அதிகாரத்துக்குள் தன்னையே மறுத்திருக்க மாட்டார் என்று நம்புகிறவள் நான். ரோமாபுரிக்கு எழுதிய கடிதத்தின் முடிவில் அவர் முதலில் பரிந்துரைக்கும் ஆள் கெங்கிரேயா சபையில் ஊழியம் செய்த பெபேயாள். அவளுக்கு எதில் உதவி தேவையோ அதில் உதவி செய்யுங்கள், அவள் எனக்கும் அநேகருக்கும் ஆதரவாக இருந்தவள் என்கிறார். பெண் ஊழியரை ஆதரிக்கச் சொல்லி ஒரு அப்போஸ்தலர் எழுதிய சிபாரிசுக் கடிதம் நம் வேதாகமத்திலேயே இருக்கிறது.

வெளியே சொல்லாமல் மனசுக்குள் வைத்திருக்கும் தடை ஒன்றும் உண்டு. அதையும் பேசிவிட வேண்டும். மாதத்தில் சில நாள் தீட்டு, அந்தக் கையால் அப்பத்தை எப்படிப் பிட்டுக் கொடுப்பது? இதைச் சொல்வது பெரும்பாலும் பெண்களே. பக்கத்துத் தெருவில் கேட்டுப் பழகியதைக் கோவிலுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டோம். மாற்கு ஐந்தாம் அதிகாரத்தில் பன்னிரண்டு வருஷம் உதிரம் போன ஒருத்தி கூட்டத்துக்குள் நுழைந்து இயேசுவின் வஸ்திரத்தைத் தொடுகிறாள். கையில் இருந்த பணத்தையெல்லாம் வைத்தியர்களிடம் தோற்றவள். அவர் விலகவில்லை, குளிக்கவில்லை. மகளே என்று கூப்பிட்டு, எல்லோர் முன்பும் பேசவைத்து அனுப்பினார். அவருடைய மேசையில் நிற்பதற்கு அவரே கேட்காத சுத்தத்தை நாம் யார் கேட்பதற்கு?

அடுத்தது நடைமுறைத் தடை. ராத்திரி பதினோரு மணிக்குச் சாவு வீட்டிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டால் பெண் ஆயர் எப்படிப் போவார்? அரியலூர்ச் சாலைகளைத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புரியும். சிமெண்டு ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் லாரிகளின் நடுவே இருட்டில் ஸ்கூட்டியில் போவது ஆணுக்கும் பயம்தான். பயம் நியாயமானது. ஆனால் அரசு மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கும் நர்ஸ் அந்தச் சாலையில்தான் போகிறாள். அவளுக்கு வேலை உண்டு, வேலைக்கு ஏற்பாடும் உண்டு. ஆயருக்கு ராத்திரியில் துணைக்கு ஒரு ஆள், வாடகைக் காருக்குப் பணம், கழிவறையும் நல்ல தாழ்ப்பாளும் உள்ள குருமனை, பிள்ளை பெற்றால் சம்பளத்தோடு விடுப்பு. இவை எல்லாம் பணத்தால் தீருகிற காரியங்கள். பணத்தால் தீருவதைத் தேவ சித்தம் என்று சொல்லித் தள்ளிவைக்கக் கூடாது.

சபைக்கு வெளியே பார்த்தால், உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று தமிழ்நாடு 2016-லேயே சட்டம் செய்தது. எங்கள் பக்கத்து ஊராட்சிகளில் பெண்கள் தலைவர்களாக உட்கார்ந்து காசோலையில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். சுய உதவிக் குழுவில் கடன் வாங்கித் தவணை தவறாமல் கட்டுகிறவர்களும் எங்கள் சங்கத்துப் பெண்களே. 2023-ல் ஸ்ரீரங்கம் அர்ச்சகர் பயிற்சிப் பள்ளியில் மூன்று பெண்கள் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கினார்கள். எல்லா விசுவாசிகளும் ஆசாரியரே என்று ஐந்நூறு வருஷமாகச் சொல்லிவரும் புராட்டஸ்டண்டுகள் நாம்.

எங்களைப் போன்ற கிராமத்துச் சபைகளுக்கு இன்னொரு பாடும் உண்டு. ஒரு சேகரத்தில் பல ஊர்கள், ஒரே ஆயர். திருவிருந்து மாதம் ஒருமுறை, மழைக்காலத்தில் அதுவும் தள்ளிப்போகும். போர்க்காலத்தில் மக்காவ் நகரில் குரு இல்லாமல் சபை திருவிருந்துக்குத் தவித்தபோது, ஹாங்காங் பேராயர் ஹால் 1944-ல் புளோரன்ஸ் லி டிம்-ஓய் என்ற பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுத்தார். ஆங்கிலிக்கன் உலகில் அதுவே முதல் முறை. போர் முடிந்ததும் எதிர்ப்புக் கிளம்பி அவர் குருப்பணியை நிறுத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. தேவைப்படும்போது கூப்பிட்டு, தேவை தீர்ந்ததும் ஒதுக்குவது சீனாவிலும் நடந்திருக்கிறது, பெரம்பலூரிலும் நடக்கிறது. உபதேசியார் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை நடத்துவது யார் என்று நினைக்கிறீர்கள்? சங்கச் செயலாளர் அம்மாதான்.

பணத்தை ஒப்படைத்தால் பெண்களால் ஆளத் தெரியுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு சாந்தி சாலமோனைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1956-ல் ஆசிய நாடுகளைச் சுற்றிவந்த ஒரு கிறிஸ்தவப் பெண்கள் குழுவில் இருந்த இந்தியர் அவர். கொரியாவுக்குள் போக அவருக்கு மட்டும் அனுமதி கிடைக்கவில்லை, மணிலாவில் தங்கிவிட்டார். அங்கே அவருக்கு ஒரு எண்ணம் வந்தது. ஒவ்வொரு பெண்ணும் சமாதானத்துக்காக ஜெபிக்கும்போதெல்லாம் தன் நாட்டின் மிகச்சிறிய காசு ஒன்றை எடுத்துவைக்கட்டும். பணக்கார நாட்டுப் பெண்ணும் அதே சிறிய காசுதான், ஏழை நாட்டுப் பெண்ணும் அதே சிறிய காசுதான். யார் எவ்வளவு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஃபெல்லோஷிப் ஆஃப் தி லீஸ்ட் காயின் என்ற பெயரில் அது உலகமெல்லாம் பரவியது. சேரும் பணத்தைப் பெண்களே கூடி முடிவுசெய்து பல நாட்டுத் தேவைகளுக்குக் கொடுக்கிறார்கள். எங்கள் சங்கத்திலும் அந்தக் காசை எடுக்கிறோம். ஐம்பது காசைக் கடைக்காரர் வாங்குவதில்லை என்பதால் ஒற்றை ரூபாய் போடுகிறோம். பெண்கள் சேர்த்து, பெண்களே ஆண்டு, பெண்களே கணக்குக் காட்டும் நிதி ஒன்று அறுபது வருஷத்துக்கு மேலாக நடந்துகொண்டிருக்கிறது.

இப்போது எங்கள் சபையில் ஒரு பெண்பிள்ளை இறையியலில் பி.டி. படிக்க வேண்டும் என்கிறாள். தாய் பருத்தி எடுக்கிறவள், தகப்பன் இல்லை. அவள் ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கதை சொல்வதைக் கேட்டவர்கள் யாரும் அவளுடைய அழைப்பைச் சந்தேகிக்க மாட்டார்கள். மதுரை அரசரடியில் 1969-ல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரி இருக்கிறது, பெண்களையும் சேர்க்கிறார்கள். கமிட்டியில் பேச்சு வந்தபோது ஒரு பெரியவர், "படிக்க வச்சா கல்யாணம் கட்டிக்கிட்டு வேற ஊருக்குப் போயிடும்மா, நம்ம பணம் வீணாத்தானே போவும்" என்றார். நல்ல மனிதர், என்னிடம் பிரியமுள்ளவர். "வேற ஊர்லயும் நம்ம ஆண்டவர்தானே இருக்காரு அண்ணே" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. விஷயம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

எங்கள் சங்கம் காத்திருக்கவில்லை. இந்த வருஷப் பிடியரிசி முழுவதையும் அவள் படிப்புக்கு ஒதுக்குவது என்று தீர்மானம் எழுதிவிட்டோம். விடுதிக்கும் புத்தகத்துக்கும் அது போதாது என்பதும் தெரியும். மீதி சேகரத்தின் பொது நிதியிலிருந்து வர வேண்டும். வருவதுதான் முறை, ஏனென்றால் அவள் பெண்கள் சங்கத்துக்கு மட்டும் ஊழியம் செய்யப் போகிறவள் இல்லை. இதை வாசிக்கிறவர்களின் சேகரத்திலும் இப்படி ஒரு பிள்ளை இருப்பாள், இப்படி ஒரு பைபிள் உமன் கண்ணாடிச் சட்டத்தோடு வீட்டில் படுத்திருப்பார். அவர்கள் யாரென்று விசாரியுங்கள். பட்ஜெட் கூட்டத்துக்குப் போகும்போது அந்தப் பிள்ளையின் கல்விக் கட்டணத்தையும் அந்த அம்மாவின் மாத ஓய்வூதியத்தையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். செலவுப் பக்கத்தில் அந்த இரண்டு வரியையும் ஏற்றாமல் கூட்டம் முடிக்க விடாதீர்கள்.